மூன்றாவது கதையின் அமைதி

படப்பிடிப்பில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. சைலன்ஸ் அக்கா என்றால்தான் தெரியும். ஒலிப்பதிவு அவள் தொழில், அதட்டல் அவள் சுபாவம். மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள் என்றால், விளக்குப் பிடிக்கிறவர்கள் வாயில் போட்டதை மெல்லாமல் அப்படியே கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். ஒருமுறை காட்சிக்கு நடுவில் தும்மிவிட்ட கதாநாயகனையே வெளியே போய்த் தும்மி முடித்துவிட்டு வரச் சொன்னவள். அவரும் மறுபேச்சு பேசாமல் போனார்.

அவள் அப்போது வேலை செய்தது ஒரு பேய்ப் படம். சும்மா ஒரு பேய் இல்லை, நாலு பேய்க்கதைகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த படம். கதைக்கு ஓர் இயக்குநர். முதல் கதையில் ஒரு வீட்டுக்காரர், வாடகைக்கு வருகிறவர்களையெல்லாம் நீ எந்த மதம், எந்த ஜனம் என்று குடைந்து குடைந்து கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். கடைசியில் எதுவும் கேட்க முடியாத ஒரு ஆசாமி குடிவந்துவிடுகிறது. இரண்டாவதில், ஒவ்வொரு தேர்தலிலும் செத்தவர்கள் பெயரில் யாரோ ஓட்டுப் போடுகிறார்கள். இந்தத் தடவை செத்தவர்களே நேரில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். நாலாவதில் ஏரியை மூடிக் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குழாயைத் திறந்தால் உயிரோடு மீன் வருகிறது. பயமுறுத்துகிற சாக்கில் நாட்டு நடப்பைச் சொல்லிவிடலாம் என்று நாலு பேரும் கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்கள். நேராகச் சொன்னால் விடமாட்டார்கள், பேய் சொன்னால் விடுவார்கள் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு மூன்றாவது கதையில் உதைத்தது.

மூன்றாவது கதை ஒரு தையல் ஆலையைப் பற்றியது. தீப்பிடித்துச் செத்துப்போன பெண்கள் தினமும் காலை மணியடித்ததும் வந்து, எரிந்துபோன மிஷின்களின் முன்னால் உட்கார்ந்து தைக்கிறார்கள். யாரையும் கழுத்தை நெரிப்பதில்லை, கண்ணை உருட்டுவதில்லை. அதில் ஒரு பெண் மட்டும் யார் வந்தாலும் தலையைத் தூக்கி ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். படத்தில் மூன்று இடத்தில் சொல்கிறாள்: "கதவு பூட்டியிருந்துச்சு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சைலன்ஸ் அக்கா இந்தப் படத்தையே ஒப்புக்கொண்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது கதையின் இயக்குநரிடம்கூடச் சொல்லவில்லை. எந்நேரமும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் அவருக்கும் கண்ணாடி என்றே பெயர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஓர் ஆலை நிஜமாகவே எரிந்தது. முப்பத்தேழு பெண்கள். அதில் ஒருத்தி இவளுடைய அக்கா.

விசாரணை வைத்தார்கள், அறிக்கையும் எழுதினார்கள். கதவு திறந்தே இருந்தது, பெண்கள்தான் பதற்றத்தில் கைப்பையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுக்கத் திரும்பி ஓடினார்கள் என்று அதில் இருந்தது. மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்து, உங்கள் பெரிய பெண் வெளியே வந்துவிட்டாள் அம்மா, நான் கண்ணால் பார்த்தேன், பையை எடுக்கத் திரும்பிப் போனாள், தடுத்தேன், கேட்கவில்லை என்று கண்ணீர் விட்டுச் சொல்லிவிட்டுப் போனான். பாவி.

அம்மா அதை நம்பிவிட்டாள். அழுகையை ஒரே வாரத்தில் கோபமாக மாற்றிக்கொண்டாள். சுவரில் அக்காவின் படம் மாட்டவில்லை. யாராவது விசாரித்தால், ஒரு பைக்காக உயிரை விட்டவளைப் பற்றி என்ன பேச்சு என்று வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பை இரண்டு வருஷம் உழைத்து வார் அறுந்து, ஊக்கு குத்தி வைத்திருந்த பை. அதற்காக எவளாவது நெருப்புக்குள் போவாளா என்று சின்னவள் கேட்டுப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். அம்மாவுடையது பிடித்தால் பிடித்த பிடி.

"நீ சொன்னா ஆச்சா? விசாரிச்சு எழுதினவங்க எல்லாம் முட்டாளா? நாலு பேர் நடுவுல யாராவது சொல்லட்டும், நம்புறேன்."

அதனால்தான் அந்த வாக்கியம் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. நானூறு பேர் இருக்கிற அரங்கில், இருட்டில், பெரிய திரையில் ஒருத்தி மூன்று தரம் சொல்வாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கேட்டே ஆகவேண்டும், எழுந்து அடுப்படிக்குப் போக முடியாது.

தணிக்கைக் குழு படத்தைப் பார்த்தது. ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. சிரிப்புக் காட்சியைக்கூடக் கோப்பைப் புரட்டுகிற முகத்தோடு பார்ப்பவர். செத்தவர்கள் ஓட்டுப் போட்டதை ஒன்றும் சொல்லவில்லை. நடக்காததா என்று நினைத்தாரோ என்னவோ. குழாயில் மீன் வந்ததற்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் மூன்றாவது கதையில் பேய் சொல்லும் வாக்கியம் விசாரணை அறிக்கைக்கு முரணாக இருக்கிறதாம், அதை மூன்று இடத்திலும் மியூட் செய்யவேண்டுமாம். கண்ணாடிக்குக் கோபத்தில் குரல் கம்மிப்போனது. பேய் இருக்கலாம் சார், பேய் உண்மை பேசக் கூடாதா என்று கேட்டார். தயாரிப்பாளர் அவர் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். மூன்று இடம்தானே, வாய் அசைவு இருக்கிறதே, புரிகிறவனுக்குப் புரியும் என்று சமாதானம் வேறு.

அம்மாவுக்கு வாய் அசைவு எங்கே புரியப் போகிறது? அவளுக்குக் கண்ணில் புரை. சைலன்ஸ் அக்கா அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போனாள். யாரையும் அதட்டவில்லை. அவள் அதட்டாததைப் பார்த்து மற்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

மியூட் செய்யவேண்டியதும் அவள்தான். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு சொல்லை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விடக் கூடாது. விட்டால் காதில் பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். ஸ்பீக்கர் போச்சு என்று அரங்கில் விசிலடிப்பார்கள். ஏனென்றால் எந்த இடமும் நிஜத்தில் ஊமை இல்லை. ஆள் இல்லாத அறைக்கும் ஒரு மூச்சு இருக்கிறது, ஒவ்வோர் அறைக்கும் வேறு மாதிரி. அதனால் படம் எடுக்கிற ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அந்த இடத்தின் அமைதியை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு செய்வார்கள். ரூம் டோன் என்பது தொழிலில் அதற்குப் பேர். சொல்லை எடுத்த பள்ளத்தில் அதே இடத்து அமைதியைப் போட்டு நிரப்பினால் தையல் தெரியாது.

ஆலைக் காட்சிகளை ஒரு கிடங்கில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால், இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு காலையில் நிஜமான ஆலைக்கும் போயிருந்தார்கள். கூரையில்லாமல், சுவரில் கரியோடு அப்படியே கிடந்தது. மற்றவர்கள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது இவள் கைப்பழக்கத்தில் மைக்கை நிறுத்தி ஒரு நிமிஷம் பதிவு செய்தாள். ஏன் செய்தாய் என்றால் அவளுக்கே பதில் தெரியாது. அக்கா நின்ற இடத்தில் நிற்கிறோம் என்ற நினைப்பில் கை தானாகப் பொத்தானை அமுக்கியது. பிறகு அதை மறந்தும் போனாள்.

கிடங்கில் எடுத்த பதிவு, ஆலையில் எடுத்த பதிவு இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்திருந்தாள்: ஆலை, ஹால், அமைதி. தேதி மட்டும்தான் வேறு. பதினெட்டு வருஷத் தொழிலில் இப்படி ஒரு அசட்டுத்தனம் அவள் செய்ததில்லை. உதவியாளன் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், அவள் எடுத்து நிரப்பியது கிடங்கின் அமைதியை அல்ல.

ஹெட்ஃபோனில் கேட்டபோது தையலே தெரியவில்லை. நல்ல கனமான அமைதி. சரி என்று அனுப்பிவிட்டாள்.

மறுவாரம் காலை பத்து மணிக்குக் குழுவின் சின்னத் திரையரங்கில் மறுபடி போட்டார்கள். மாற்றங்களுக்குச் சாட்சியாக அவளும் கண்ணாடியும் பின்வரிசையில் இருந்தார்கள். குழுவில் ஒருவர் பேனாவால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏசி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

முதல் இடம் வந்தது. திரையில் அந்தப் பெண் தலையைத் தூக்கினாள், உதடு அசைந்தது. ஏசிச் சத்தம் நின்றது. பேனாத் தட்டல் நின்றது. வெளியே சாலையில் போன வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன என்று தோன்றியது. மொத்தமே இரண்டு விநாடி. பிறகு எல்லாச் சத்தமும் திரும்பி வந்தது. பேனாக்காரர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது இடத்தில் மூச்சு கேட்டது. ஒருவருடையது இல்லை. ஒரு பெரிய கூட்டம் நெருக்கியடித்து நின்று, ஏதோ திறக்கப் போகிறது என்று காத்திருக்கும்போது மூச்சு விடுமே, அந்த மாதிரி. சைலன்ஸ் அக்காவுக்கு உச்சந்தலை குளிர்ந்தது. மிக்ஸிங்கில் அவள் விட்ட அளவு அவளுக்குத் தெரியாதா? அறையின் ஓரத்தில் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. கருவிக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

மூன்றாவது இடத்தில் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், அரங்கின் கதவில், உள்ளங்கைகள் பட்டன. ஓங்கித் தட்டவில்லை. தட்டித் தட்டி ஓய்ந்துபோன பிறகு மரத்தின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்க்கிற சத்தம். ஐந்து பேரும் ஒரேயடியாகத் திரும்பிப் பார்த்தார்கள். கதவு சும்மா இருந்தது.

விளக்குப் போட்டதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலைவர் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆட்சேபம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது? சொன்ன சொல்லை எடுத்தாகிவிட்டது. அமைதி அதிகமாக இருக்கிறது என்று எழுத முடியுமா? அவர் அவளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

"அந்த மூணு இடத்துலயும் என்னம்மா போட்டிருக்கீங்க?"

"ரூம் டோன் சார். ஆலைக்கு உள்ள நின்னு எடுத்தது."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தேதிகள் இரண்டும் கண்முன் வந்தன. தப்பாக எடுத்துவிட்டேன், மாற்றிக் கொடுக்கிறேன் என்று வாய்வரை வந்தது. தொழில் தர்மம் அதுதான். அவள் நாக்கு அசையவில்லை. தலைவர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தான பிரதியில் அதற்குப் பிறகு ஒரு விநாடியைக்கூட மாற்றக் கூடாது என்பது அவர்களே போட்ட சட்டம்.

படிக்கட்டில் இறங்கும்போது அவள் கண்ணாடியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா, அம்மா, பை, தேதி எல்லாவற்றையும். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இதற்குப் பிறகு அம்மாவைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று அவள் நாலு நாள் தவித்தாள். சொல்லில் கேட்டால் ஒரு மாதிரி. இப்படிக் கேட்டால் கிழவியின் நெஞ்சு தாங்குமா? ஆனால் கேட்காமலே போய்ச் சேர்ந்தால் பெரியவளை வைதுகொண்டேதான் போவாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தவிப்பு விட்டது. படம் வெளியான அன்று பகல் காட்சிக்கு, உன் மகள் பேர் திரையில் வருகிறது வா என்று கிளப்பினாள். வீட்டில் இல்லாத பேயா என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். முட்டிவலிக்கு வசதியாக வரிசையின் ஓர இருக்கை.

அரங்கு நிறைந்திருந்தது. முதல் கதைக்குச் சிரித்தார்கள், இரண்டாவதுக்கு விசிலடித்தார்கள். மூன்றாவது கதையில் தையல் மிஷின்கள் ஓடத் தொடங்கியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்த ஆலை என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதல் இடத்தில் நானூறு பேரின் வாயும் நின்றது. கொறித்துக்கொண்டிருந்தவர்கள் பொட்டலத்தில் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில் மூச்சு வந்தது, அரங்கின் நாலு சுவரிலிருந்தும் வந்தது. முன்வரிசையில் விசிலடித்த இளவட்டங்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். யாரும் கத்தவில்லை. பயம் என்றால் ஓடியிருப்பார்கள். இது பயம் இல்லை. ரொம்பப் பெரிய ஒன்றின் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சைலன்ஸ் அக்காவின் கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்கியது, அதை அவள் துடைக்கவும் இல்லை.

மூன்றாவது இடம். அந்தப் பெண் தலையைத் தூக்கினாள், உதடு அசைந்தது, இரண்டு விநாடி போனது, மூன்று போனது, பத்தும் போனது. படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது; சத்தம் மட்டும் திரும்பவில்லை. அரங்கின் ஆறு கதவுகளிலும் உள்ளங்கைகள் பட ஆரம்பித்தன. உள்பக்கமிருந்து. இருட்டில் எந்தக் கதவருகிலும் ஆள் இல்லை. முதலில் மெல்ல, பிறகு நிறைய, பிறகு மறுபடி மெல்ல. ஓய்ந்துகொண்டு வருகிறது என்று கேட்ட எல்லோருக்கும் புரிந்தது.

அம்மா எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, முன் இருக்கையில் கையூன்றி எழுந்தாள். அந்த அமைதியில் அவள் குரல் ஒன்றுதான் கேட்டது.

"கதவத் திறந்து விடுங்கப்பா. உள்ள ஆளுங்க இருக்காங்க."

கடைசி வரிசையில் ஒரு ஆள் எழுந்து ஓடினார். இன்னொரு பக்கம் இரண்டு பெண்கள். டிக்கெட் கிழிக்கிறவர் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். ஆறு கதவும் திறந்தன. நட்டநடுப் பகல் வெளிச்சம் உள்ளே கொட்டி, திரையில் இருந்த பெண்கள் வெளுத்துப்போனார்கள்.

கதவு திறந்ததும் நடை கேட்டது. ஆள் தெரியவில்லை, நடை மட்டும். முதலில் ஓட்டமாக, அப்புறம் நிதானமாக. வாசல்களில் தொங்கிய திரைச்சீலை ஒதுங்கி ஒதுங்கி விழுந்தது. நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தவர்கள் தங்களை அறியாமலே காலை உள்ளே இழுத்து வழிவிட்டார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவராக அரங்கு முழுக்க எழுந்துவிட்டது.

அம்மா அதற்குள் நொண்டி நொண்டிப் பக்கத்துக் கதவுக்குப் போய்விட்டிருந்தாள். தானாக மூடிக்கொள்கிற கதவு அது. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் ஓடிவந்து, போதும் வாம்மா, எல்லாரும் போய்ட்டாங்க என்றாள். நிஜமாகவே நடைச் சத்தம் அடங்கிவிட்டிருந்தது.

"இரு. பெரியவ இன்னும் வரல. முண்டியடிச்சு வர்றவளா அவ? எல்லாரையும் முன்னாடி விட்டுட்டுத்தான் வருவா."

பதினோரு வருஷத்தில் பெரியவள் என்ற சொல் அம்மா வாயிலிருந்து வந்தது அப்போதுதான்.

அப்போது அரங்கின் உள்ளேயிருந்து ஒரே ஒரு நடை வந்தது. அவசரமில்லாத நடை. வந்து கதவருகில், அம்மாவுக்கு எதிரில், நின்றது. அம்மா புரை விழுந்த கண்ணைக் குறுக்கிப் பார்த்தாள். அங்கே வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் கையை நீட்டினாள், பிறகு தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

"நீ பையை எடுக்கப் போனேன்னு சொன்னாங்க கண்ணு. நானும் நம்பிட்டேன். இத்தனை வருஷம் உன்னைத் திட்டிட்டே இருந்துட்டேன்."

நின்ற நடை நின்றபடியே இருந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற பெண்ணை வாசலில் அவசரப்படுத்துகிற பழைய குரலில் சொன்னாள்.

"போ. வழி திறந்துதான் இருக்கு, போ."

நடை வாசலைத் தாண்டியது. படியில் இறங்கித் தெருவில் சேர்ந்து, மற்ற ஜனங்களின் நடையோடு கலந்து, பிறகு பிரித்தறிய முடியாமல் போனது. உள்ளே திரையில் சத்தம் திரும்பி வந்துவிட்டது; யாரும் உட்காரவில்லை. அம்மா கதவைப் பிடித்தபடியே இருந்தாள். சின்னவள் எதிர்ப்பக்கம் போய் அதே வாசலின் இன்னொரு கதவுக்குத் தோள் கொடுத்து நின்றுகொண்டாள்.